மாத்திரை வீடு தேடி வருது, சைக்கிள் பாதை எப்ப வரும்?

இது கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா டீ குடிச்சுக்கிட்டே படிங்க. சிலருக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை.

1/
"உடற்பயிற்சி செய்யாதவன் சோம்பேறி."

ஜிம் விளம்பரம் இதைச் சொல்லுது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல மாமா சொல்றார். ஓபியில உட்கார்ந்து எங்க டாக்டர்களும் சொல்றாங்க. பத்துல எட்டு பேர் விஷயத்துல இது அநியாயமான பேச்சுன்னு நான் சொல்றேன். வீட்டு வாசல்ல இருந்து பத்து நிமிஷத்துக்குள்ள, உயிர் பயம் இல்லாம கை காலை அசைக்க அவங்களுக்கு இடம் இருக்கான்னு நாம யாரும் கேட்டதே இல்லை.

2/
முதல்ல கணக்கு. பெரியவங்க வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு செய்யணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020ல் வழிகாட்டுதல் கொடுத்தது. 2024ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வுப்படி, 2000ஆம் ஆண்டில் இந்தியப் பெரியவர்களில் சுமார் 22% பேருக்குத்தான் உடலுழைப்பு போதாமல் இருந்தது. 2022ல் அது கிட்டத்தட்டப் பாதிப் பேர். பெண்களில் சுமார் 57%, ஆண்களில் சுமார் 42%.

யோசிச்சுப் பாருங்க. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாடே சோம்பேறி ஆயிடுமா? நம்ம தாத்தா பாட்டி கொடுத்த மரபணு அதுக்குள்ள மாறிடுமா? மாறினது நம்ம தெருவும் பொழப்பும்தான்.

3/
இன்னொரு கணக்கு. ஐசிஎம்ஆர் ஆதரவில் நடந்த ஆய்வு, 2023ல் வெளிவந்தது. நாட்டுல சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி. சர்க்கரை நோயின் வாசற்படியில நிற்கிறவங்க சுமார் 13.6 கோடி.

எனக்கு அந்த 13.6 கோடிப் பேர் மேலதான் கண்ணு. அவங்கள்ல கணிசமானவங்களை மாத்திரை இல்லாமலேயே திருப்பி அனுப்ப முடியும். சாப்பாட்டைச் சரிபண்ணி, உடம்பை அசைச்சு, எடையைக் கொஞ்சம் குறைச்சா போதும். ஆனா "அசைங்க"ன்னு சொல்றோமே, எங்கேன்னு சொல்றோமா?

4/
ஓபிக்கு மாசாமாசம் வர்ற ஒரு அக்கா. வயசு நாற்பத்தஞ்சு இருக்கும். சுகர், முட்டி வலி. "தினமும் அரை மணி நேரம் நடங்கக்கா"ன்னா சிரிக்கிறாங்க.

"எங்க சார் நடக்குறது? வாசலைத் தாண்டினா ஹைவே. காலைல அஞ்சு மணிக்கே மணல் லாரி. அந்தப் பக்கம் கண்மாய்க் கரை, முழுக்க முள்ளு. பொழுது சாஞ்சா குடிக்கிற கூட்டம். நீங்களே ஒரு இடம் சொல்லுங்க, நான் நடக்குறேன்."

இவங்களையா சோம்பேறின்னு சொல்றீங்க? காலைல நாலரைக்கு எழுந்து ரெண்டு வீட்டு வேலை பாக்குற பொம்பளை அது.

5/
அரசாங்கத்தைச் சும்மா திட்டறதுக்காக இதை எழுதலை, நானும் அரசாங்க ஆளுதான். 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்க. சுகர், பி.பி. மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. அருமையான திட்டம், அதனால பிழைச்சவங்களைப் பார்த்திருக்கேன்.

என் கேள்வி இதுதான். மாத்திரை வீடு தேடி வர முடியும்னா, அந்த மாத்திரையைக் குறைக்கிற பாதை ஏன் வீடு தேடி வரலை?

6/
இங்கதான் நம்ம மண்டையில ஒரு கோளாறு இருக்கு. வெளியில போய் உடம்பை அசைச்சு சந்தோஷமா இருக்கறதுன்னாலே நமக்கு அது "டூர்". வருஷம் பூரா உட்கார்ந்துட்டு, லீவு போட்டு, கடன் வாங்கி மணாலி. பனியில வாடகைக்கு ரெண்டு பலகையைக் கட்டிக்கிட்டு பத்து நிமிஷம் சறுக்கி, ஒரு ரீல்ஸ். திரும்பி வந்தா அதே நாற்காலி, அதே சுகர்.

அந்தப் பனிச்சறுக்கு எந்த ஊர்ல அன்றாட வாழ்க்கையோ, அந்த ஊரைப் பாருங்க. விஷயம் புரியும்.

7/
நார்வேயின் தலைநகர் ஆஸ்லோ. அங்க மெட்ரோ ரயில் 1ஆம் தடம் நகரத்துக்கு நடுவுல இருந்து கிளம்பி ஃப்ரொக்னர்சேட்டெரன் நிலையம் வரைக்கும் மலையேறும். கடைசி நிறுத்தம் கடல் மட்டத்துல இருந்து 460 மீட்டருக்கும் மேல. குளிர்காலத்துல அந்த ரயில்ல பனிச்சறுக்குக் கட்டைகளோட ஜனங்க ஏறுவாங்க. இறங்கினா காடு. காட்டுக்குள்ள சறுக்குப் பாதை. சாயங்காலம் வேலை முடிச்சு வர்றவங்களுக்காக விளக்கு போட்ட பாதையும் இருக்கு.

வசந்தம் வந்தா இன்னும் அழகு. கீழ நகரத்துல பனி கரைஞ்சு சைக்கிள்கள் வெளிய வந்திருக்கும். மேல காட்டுல இன்னும் பனி மிச்சமிருக்கும். ராத்திரி உறைஞ்சு கெட்டியான பனி, காலை வெயில்ல மேலாப்புல லேசா இளகும். அந்தப் பதத்துல சறுக்கிட்டு, அது கூழாகறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம். இதுக்கு லீவும் வேண்டாம், கடனும் வேண்டாம்.

8/
"அவங்க பணக்கார நாடு, சார்."

சரி, ஆனா பணத்தை மட்டும் பார்க்காதீங்க. சாகுபடி இல்லாத திறந்த நிலத்துல யார் வேணும்னாலும் நடக்கலாம், சறுக்கலாம்னு அவங்க 1957லேயே சட்டம் போட்டாங்க. ஆஸ்லோவைச் சுத்தி இருக்கற "மார்க்கா" காட்டுக்கு 2009ல் தனிச் சட்டம். இந்த எல்லைக்குள்ள இஷ்டத்துக்குக் கட்டடம் கட்டி விழுங்க முடியாது, இது மக்கள் நடமாடற இடம்னு எழுதி வச்சாங்க.

நமக்குப் பனி வேண்டாம். "வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற இடம் ஜனங்களோடது"ங்கற அந்த எண்ணம் வேணும்.

9/
நம்மகிட்ட இடம் இல்லையா? தமிழ்நாட்டுல 39,000க்கும் மேற்பட்ட பாசன ஏரிகள் இருக்கு. ஏரி, கண்மாய், குளம், ஏந்தல், தாங்கல்னு ஊருக்கு ஊர் பேர் மாறும். ஒவ்வொண்ணுக்கும் கரை இருக்கு. டெல்டாவுல ஆறு, வாய்க்கால் ஓரமா கரைப்பாதைகள் இருக்கு. அணைக்கட்டு, மதகு பார்க்கப் போறதுக்குன்னு போட்ட வழிகள் அதெல்லாம்.

ஒரு ஓரத்துல தண்ணி, இன்னொரு ஓரத்துல வயலு. லாரி வராது. இதைவிட நல்ல சைக்கிள் பாதையை எந்த வெளிநாட்டு நிபுணர் வந்து வரைஞ்சு கொடுக்கணும்? நம்ம கரைக்கு வேண்டியது ரெண்டுதான்: சீமைக்கருவேல முள்ளை வெட்டணும், கிராவல் போட்டு இறுக்கணும். முள்ளு மேல போனா அரை கிலோமீட்டர்ல டியூப் பஞ்சர்.

10/
ஏன் சைக்கிள்? நடந்தா போதாதா? தாராளமா நடங்க. ஆனா சைக்கிளுக்குச் சில தனி நன்மை இருக்கு.

தொடையும் பிட்டமும் உடம்போட பெரிய தசைகள். தசை சுருங்கும்போது, இன்சுலினை எதிர்பார்க்காமலேயே ரத்தத்துல இருக்கற சர்க்கரையை உள்ள இழுத்துக்கும். பெரிய தசை நிறைய இழுக்கும். அந்தப் பலன் இறங்கின பிறகும் பல மணி நேரம் நீடிக்கும். மாத்திரை எழுதுற கையாலயே சொல்றேன், இது மருந்துதான்.

11/
முட்டி வலிக்காரங்களுக்கும் ஆறுதல். நடக்கும்போது உடம்பு எடை முழுக்க முட்டியில இறங்குது. சைக்கிள்ல பெரும்பங்கை சீட்டு தாங்குது. மூட்டுத் தேய்மானம் இருக்கறவங்க பலபேர் நடக்கறதைவிட சைக்கிளைச் சுலபமா ஓட்டுவாங்க.

ஆனா ஒண்ணு: நம்ம ஊர்ல பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வச்சு ஓட்டறாங்க. அப்படி ஓட்டினா முட்டி வலி கூடத்தான் செய்யும். பெடல் கீழ வரும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, முட்டி லேசா மட்டும் மடங்கியிருக்கணும். சைக்கிள் கடையில ஸ்பேனர் வாங்கி ரெண்டு திருகு திருகினா முடிஞ்சது. பல முட்டி வலிக்கு மொதல் வைத்தியம் அந்த ஸ்பேனர்தான்.

12/
எவ்வளவு வேகம்? கையில வாட்ச், நெஞ்சில பட்டை எதுவும் வேண்டாம். ஓட்டும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான உழைப்பு. தினமும் அரை மணி, வாரத்துல அஞ்சு நாள்னா 150 நிமிஷம் கணக்கு முடிஞ்சது. கியர் சைக்கிளும் வேண்டாம், இறுக்கமான சட்டையும் வேண்டாம். லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓட்டினாலும் தசை வேலை செய்யும்.

13/
"அப்ப ரோட்டுலயே ஓட்ட வேண்டியதுதானே?"

கேஷுவாலிட்டியில ஒரு ராத்திரி நின்னு பாருங்க, இந்தக் கேள்வியைக் கேக்க மாட்டீங்க. 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவங்க 1,68,000க்கும் மேல். தமிழ்நாட்டில் மட்டும் 17,800க்கும் மேல். நடந்து போறவங்களும் இரண்டு சக்கரத்துல போறவங்களும்தான் அதுல பெரும்பங்கு.

வேகம்தான் கொல்லுது. 50 கி.மீ. வேகத்துல வர்ற கார் மோதறதுக்கும் 65ல் வர்றது மோதறதுக்கும், நடந்து போறவர் சாகற வாய்ப்பு நாலரை மடங்கு வித்தியாசம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நடக்கறவங்களும் சைக்கிளும் வண்டியும் கலந்து போற தெருவுல 30தான் உச்ச வேகமா இருக்கணும்னும் அதுவே சொல்லுது. நம்ம ஊர் பள்ளிக்கூட வாசல்ல பஸ் என்ன வேகத்துல போகுதுன்னு உங்களுக்கே தெரியும்.

உயிரைப் பணயம் வச்சு உடற்பயிற்சி செய்னு எந்த நோயாளிகிட்டயும் நான் சொல்ல மாட்டேன்.

14/
"சைக்கிள் நாடு"ன்னு நாம வாயைப் பிளக்கற நெதர்லாந்து பிறக்கும்போதே அப்படிப் பிறக்கலை. 1971ல் அங்க சாலை விபத்தில் 3,000 பேருக்கு மேல் செத்தாங்க. அதுல 400க்கும் மேற்பட்டவங்க குழந்தைங்க. பெத்தவங்க தெருவுக்கு வந்தாங்க. "குழந்தைக் கொலையை நிறுத்து"ங்கறதே அந்த இயக்கத்தோட பேர். அதுக்கப்புறம்தான் தனிப்பாதைகள் வந்தது.

அவங்களுக்கும் யாரும் தானா கொண்டுவந்து கொடுக்கலை, கேட்டு வாங்கினாங்க.

15/
அடுத்த ஆட்சேபணை: "சைக்கிளா? அது இல்லாதவன் ஓட்டறது."

இந்த வெட்கம்தான் எனக்கு ரொம்ப வலிக்குது. ஏன்னா, சைக்கிளை வச்சு உலகமே திரும்பிப் பார்க்கற மாதிரி ஒரு காரியம் நம்ம மாநிலத்துல நடந்திருக்கு. 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை. அறிவொளி இயக்கம் எழுத்தோட சேர்த்து சைக்கிளையும் கத்துக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்ப கலெக்டர். கல் குவாரியில வேலை பார்த்த பெண்கள் முதல் கொண்டு ஆயிரக்கணக்கானவங்க ஓட்டக் கத்துக்கிட்டாங்க. 1992 மகளிர் தினத்தன்னைக்கு 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பேரணி போனாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவா பதிவு பண்ணியிருக்கார்.

ஊரார் கேலி பேசினதை மீறி ஓட்டினவங்க அவங்க. அவங்க பேத்திங்க இன்னைக்கு சைக்கிள் எடுக்கவே தயங்கறாங்கன்னா, அது நம்ம எல்லாருக்கும் அவமானம்.

16/
அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பிளஸ் ஒன் படிக்கற பிள்ளைங்களுக்கு இலவச சைக்கிள் கொடுக்கறோம். 2001-02ல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு, பிறகு எல்லாருக்கும் விரிஞ்ச திட்டம். வருஷாவருஷம் லட்சக்கணக்கான சைக்கிள்.

"வாங்கின கையோட வித்துடறாங்க"ன்னு கிண்டல் பண்றவங்களே, ஒரு கேள்வி. பதினாறு வயசுப் பொண்ணுகிட்ட சைக்கிளைக் கொடுத்துட்டு, அவ பள்ளிக்கூடம் போக நாலுவழிச் சாலை ஓரத்தை மட்டும் விட்டு வச்சிருக்கோமே, உங்க பொண்ணா இருந்தா அனுப்புவீங்களா?

17/
"நடப்போம் நலம் பெறுவோம் திட்டம் இருக்கே!"

இருக்கு. 2023 நவம்பர்ல ஆரம்பிச்சாங்க. மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை. வரவேற்கிறேன், மனசாரத்தான். ஆனா மாவட்டத்துக்கு ஒண்ணு போதுமா? நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கற அந்த அக்கா பஸ் ஏறிப் போய் நடந்துட்டு வருவாங்களா? பக்கத்துல இல்லாத பாதையை யாரும் தினமும் பயன்படுத்த மாட்டாங்க. ஊருக்கு ஒரு 3 கிலோமீட்டர் போதும். அதுதான் என் கோரிக்கை.

18/
"கரையில ஆளை விட்டா கரை கெட்டுடும்."

நியாயமான கவலை. ஏரிக்கரை தண்ணியைத் தாங்கற கட்டுமானம், அதை வெட்டி பூங்கா கட்டச் சொல்லலை. கான்கிரீட் வேண்டாம், டைல்ஸ் வேண்டாம், நாலு நாள்ல உடைஞ்சு போற யானை பொம்மை வேண்டவே வேண்டாம். விவசாயி மாட்டையும் டிராக்டரையும் ஓட்டிட்டுப் போற உரிமையும் அப்படியே இருக்கட்டும்.

இன்னொண்ணும் யோசிங்க. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007லேயே சட்டம் போட்டாச்சு. அப்புறமும் ஏரி சுருங்கிக்கிட்டேதான் இருக்கு. ஏன்னா, யாரும் போகாத கரையை வளைச்சுப் போடறது சுலபம். தினம் காலையில நூறு பேர் சைக்கிள்ல சுத்தி வர்ற கரையில எவனாவது ஒரு லோடு மண்ணு கொட்டிப் பார்க்கட்டும். அன்னைக்குச் சாயங்காலமே ஊர் கூடிடும்.

19/
"டவுன்ல ஏரி ஏது சார்?"

கொலம்பியா நாட்டுல பொகோட்டான்னு ஒரு நகரம். பணக்கார நாடு இல்லை. 1974லேயே ஆரம்பிச்சுட்டாங்க. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் காலை 7 மணி முதல் மதியம் 2 மணி வரை, 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தெருக்களில் மோட்டார் வண்டிக்குத் தடை. சைக்கிளும் நடக்கறவங்களும் மட்டும்.

இதுக்குச் சிமெண்ட் வேண்டாம், டெண்டர் வேண்டாம். தடுப்புக் கம்பியும் நாலு போலீஸ்காரரும் போதும். நம்ம வெயிலுக்கு காலை 5 முதல் 8 வரைன்னு மாத்திக்கலாம். சாமி ஊர்வலத்துக்கும் அரசியல் கூட்டத்துக்கும் தெருவை மூடத் தெரிஞ்ச ஊருக்கு, சுகருக்காக மூணு மணி நேரம் மூடத் தெரியாதா?

20/
பெண்கள் விஷயத்தைத் தனியா சொல்லணும், ஏன்னா அந்த 57%தான் மோசமான எண். வெளிச்சம் இல்லாத பாதை அவங்களுக்குப் பாதையே இல்லை. கழிப்பறை இல்லாத பாதைக்கும் அவங்க வர மாட்டாங்க. அதனால கரை கேட்கும்போதே விளக்கும் கேளுங்க. டாஸ்மாக் பாட்டில் கிடக்கற கரையைச் சுத்தம் பண்ணவும் கேளுங்க.

அப்புறம் நாய். துரத்தினா சைக்கிளை விரட்டாதீங்க, இறங்கி சைக்கிளை நடுவுல வச்சுக்கிட்டு மெதுவா நடங்க. கடிச்சுட்டா 15 நிமிஷம் குழாய்த் தண்ணியில சோப்பு போட்டுக் கழுவிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரி வாங்க. மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீங்க. அரசு மருத்துவமனையில ஊசி இலவசம்.

21/
சரி, நீங்க என்ன செய்யணும்?

கிராமம்னா: வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எழுந்து நின்னு கேளுங்க, தீர்மானத்துல ஏத்தச் சொல்லுங்க. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், ஏரிக்கரை பத்திப் பேச அதைவிட நல்ல நாள் இல்லை.

நகரம்னா: உங்க கவுன்சிலர், பகுதி சபை. ரெண்டுலயும் நடக்கலைன்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர் கூட்டம்.

மனுவுல நாலு வரி போதும். எந்தக் கரை, எங்கிருந்து எங்க வரைக்கும். முள் அகற்றி கிராவல் போடணும். விளக்கு வேணும். கனரக வாகனம் நுழையாம கல் நடணும். ஊர்ல ஐம்பது பேர் கையெழுத்து.

22/
நாளைக்கே சைக்கிள் எடுக்கப் போற நோயாளிகளுக்கு டாக்டரா சில வார்த்தை:

• நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், அளவுக்கு மீறின மூச்சு வாங்கல் இருந்தா முதல்ல எங்ககிட்ட வாங்க, அப்புறம் சைக்கிள்.
• இன்சுலின், கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு எடுக்கறவங்க வெறும் வயித்துல ஓட்டாதீங்க. பாக்கெட்டுல சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கணும். கை நடுங்கி வேர்த்துக் கொட்டினா உடனே நிறுத்திச் சாப்பிடுங்க.
• சுகரால கண் நரம்பு பாதிச்சிருக்குன்னு சொல்லியிருந்தா கண் டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.
• கால் மரத்துப் போறவங்க செருப்பு வேண்டாம், மூடின ஷூ. வந்ததும் பாதத்தைப் பாருங்க.
• கோடையில 11 மணி முதல் 3 மணி வரை வேண்டவே வேண்டாம்.
• ஹெல்மெட் போடுங்க. பின்னால ஒரு சிவப்பு ஒளிப்பான் ஒட்டுங்க.
• முதல் வாரம் பத்து நிமிஷம் போதும்.

23/
என் சக டாக்டர்களுக்கும் ஒண்ணு. "உடற்பயிற்சி செய்யவும்"னு சீட்டுல எழுதறது சிகிச்சை ஆகாது. மாத்திரை எழுதும்போது ஃபார்மசியில ஸ்டாக் இருக்கான்னு பார்த்துத்தானே எழுதறோம்? அதே மாதிரி "உங்க ஊர்ல நடக்க இடம் இருக்கா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. "இல்லை"ன்னா அதையும் சீட்டுல எழுதுங்க. உங்க பி.எச்.சி. எல்லையில எந்தெந்த ஊருக்குப் பாதை இல்லைன்னு ஒரு பட்டியல் போட்டு பிடிஓவுக்கும் கலெக்டருக்கும் அனுப்புங்க. டெங்குவுக்குத் தண்ணித் தொட்டியை எண்ணத் தெரிஞ்ச நமக்கு, கரையை எண்ணத் தெரியாதா?

24/
கடைசியா. மணாலிக்குப் போகாதீங்கன்னு சொல்லலை, காசு இருந்தா போய்ட்டு வாங்க, பனி அழகுதான். ஆனா வருஷத்துல அஞ்சு நாள் பார்க்கற மலை உங்க சுகரைக் குறைக்காது. தினமும் அரை மணி நேரம் சுத்தற உள்ளூர்க் கரை குறைக்கும்.

இப்ப ஒரு வேலை செய்யுங்க. உங்க வீட்டுல இருந்து பத்து நிமிஷத்துல இருக்கற ஒரு ஏரிக்கரை, வாய்க்கால், மைதானம், எதுவா இருந்தாலும் அதோட பேரையும் ஊரையும் கீழ எழுதுங்க. சைக்கிள் போகுமா போகாதா, போகலைன்னா ஏன், ஒரு வரி. மாவட்ட வாரியா நான் தொகுத்து வைக்கிறேன். அடுத்த கிராம சபைக்கு அந்தப் பட்டியலோட போங்க.

இழையை உங்க ஊர் குரூப்புல பகிருங்க. கவுன்சிலர், தலைவர் இருக்கற குரூப்பா பார்த்துப் பகிருங்க.

டியூட்டிக்கு நேரமாச்சு.